மெத்ரான் சாப்பிட வருகிறார்

கொச்சிப் பக்கத்துப் பங்கு ஒன்றுக்கு மெத்ரான், அதாவது ஆயர், வருகிறார் என்றால், அன்று அவர் எத்தனை முறை காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டியிருக்கும் என்பதை எந்தக் குருமடத்திலும் சொல்லித் தருவதில்லை. பூசை முடிந்ததும் பள்ளிமேடையில் (அங்கே பள்ளி என்றால் தேவாலயம்; மேடை, குருவின் வீடு) பாலப்பமும் ஸ்டூவும். அது தொண்டைக்குக் கீழே இறங்குவதற்குள் பள்ளிக் கணக்கைப் பார்க்கும் கைக்காரர் வீட்டில் கள்ளப்பமும் வறுத்த மாட்டிறைச்சியும். கன்னியர் மடத்தில் வட்டயப்பம். அது பலகாரம்தானே, சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரை ஆசீர்வதிக்கப் போனால், அவரே தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "திருமேனி ஒன்றும் கழிக்கவில்லையே" என்று வருந்துவார். (மலையாளத்தில் கழிப்பது என்றால் உண்பது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் முதல் நாள் திடுக்கிட்டு, இரண்டாம் நாள் பழகி, மூன்றாம் நாள் இரண்டு பொருளும் சரிதான் என்று ஒப்புக்கொள்வார்கள்.) இதற்கிடையே செண்டை, முத்துக்குடை, வரிசையில் நின்று கையை முத்தி உள்ளங்கையில் நோட்டை வைக்கிற கைமுத்து. மதியம் வாழையிலையில் பொதிந்த கரிமீன். அவர் வந்த காரியமோ வேறு: வரவுசெலவு, ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைத் தோட்டத்து எல்லைத் தகராறு. மூன்று மணிக்கு அந்தப் பேரேட்டை அவர் முன்னால் விரிக்கும்போது எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இது கேரளத்துக்கே உரிய நோய் என்று சொல்ல மாட்டேன். மேற்குக் கென்யாவில் லூயா மக்கள் வீட்டுக்குப் போகிற சபைப் பெரியவருக்குக் கோழியும் உகாலி என்ற மக்காச்சோளக் களியும் வராமல் இருக்காது. கோழி அடிக்காத வீடு அவரை வரவேற்ற வீடாகாது. நாலு வீடு என்றால் நாலு கோழி. இதையெல்லாம் பார்க்கிறவர்கள் வழக்கமாக இரண்டு முடிவுக்கு வருவார்கள். ஒன்று, ஆகா, என்ன அன்பு! மற்றது, ஆகா, என்ன லஞ்சம்! இரண்டிலும் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. பார்வையிட வருகிறவர் தாம் ஊரை விசாரிக்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறார். அதே நேரத்தில் ஊர் அவரைப் பந்தியில் உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறது. எதை முதலில் தொட்டார், எதை ஒதுக்கினார், வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாரா, எழுந்திருக்கும்போது இன்னொரு கரண்டிக்கு இடம் வைத்திருந்தாரா. கொச்சியைச் சுற்றி அறுநூற்றைம்பது ஆண்டுகளாக இந்த விசாரணை நடந்து வருகிறது. தேறியவர்கள் கை நிறைய வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தேறாதவர் ஒருவரின் கணக்கை மட்டாஞ்சேரியில் ஒரு சிலுவையில் கயிறு கட்டித் தீர்த்தார்கள்.

விருந்தாளி விஷயத்தில் மட்டாஞ்சேரி தேர்ந்த ஊர் என்பதற்கு அதன் சொல்லகராதியே சாட்சி. நம்மிடம் 'பரதேசி' என்றால் வசவு. அங்கே 1568-ல் கட்டிய யூத ஜெப ஆலயத்துக்கு அதுதான் பெயர். வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. இடம் கொடுத்தது கொச்சி ராஜா. அதுவும் அரண்மனைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே. அந்த அரண்மனைக்கு இன்று டச்சு அரண்மனை என்று பெயர். 1555 வாக்கில் கட்டியவர்கள் போர்த்துகீசியர்கள். பிற்பாடு செப்பனிட்ட டச்சுக்காரர்களுக்குப் பெயர் போய்விட்டது. போர்த்துகீசியர்கள் அதை ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்த காரணம்தான் விசேஷம்: பக்கத்துக் கோயில் ஒன்றைக் கொள்ளையடித்துவிட்டார்கள், அந்த மனத்தாங்கலை ஆற்றத்தான் இந்தப் பரிசு என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. வீட்டுக்காரனின் வெள்ளிச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டு, மறுநாள் ஒரு மாளிகையோடு திரும்பி வரும் விருந்தாளி! ராஜா வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதால் மறந்துவிட்டார் என்று பொருளில்லை. இந்த ஊருக்கு ஞாபகசக்தி அதிகம். அது வெளியே தெரிவதற்கு ஐம்பது வருஷம் எடுக்கும், அவ்வளவுதான்.

முதலில், தேறியவர் ஒருவர். ஜான் தே மரிஞ்ஞோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி, போப்பின் தூதராகச் சீனாவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் 1348-ல் கொல்லத்தில் இறங்கினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர்கள் சொல்வார்கள். இவர் ஓராண்டுக்கு மேல் தங்கினார். மிளகு நிறுக்கும் தராசு அப்போது அங்கிருந்த தோமா கிறிஸ்தவர்கள் கையில் இருந்தது. அந்த வருமானத்திலிருந்து மாதம் 100 பொற்பணம், கிளம்பும்போது 1000 பணம் தமக்குக் கிடைத்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அடக்கமானவர் என்று சொல்ல முடியாது. உலகின் ஒரு மூலையில் பளிங்குத் தூண் ஒன்றை நாட்டி, போப்பின் சின்னத்தோடு தம் சொந்தச் சின்னத்தையும் செதுக்கி, எண்ணெய் பூசி, பெரிய கூட்டத்தின் நடுவே ஆசீர்வதித்தார். ஊர்த் தலைவர்கள் தோளில் சுமந்த பல்லக்கில் சாலமோன் ராஜாவைப் போலப் போனாராம். தூண் நாட்டியதில் தாம் அலெக்சாந்தரையே விஞ்சிவிட்டதாக வேறு அவருக்கு நினைப்பு. இத்தனை தற்பெருமையையும் ஊர் பொறுத்துக்கொண்டது. ஏன்? கொடுத்ததை வாங்கிக்கொண்டார், தூக்கினால் ஏறிக்கொண்டார், யார் வீட்டு உலையிலும் கைவைக்கவில்லை. தற்பெருமை பேசும் விருந்தாளியை எந்த ஊரும் மன்னித்துவிடும். சொல்லப்போனால் அதுவே அடுத்த ஒரு மாதத்துக்குத் திண்ணைப் பேச்சு.

இப்போது தேறாதவர். கோவாவின் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசிஸ் 1599 பிப்ரவரியில் கொச்சிக்கு வந்தார். சிரியன் முறைப்படி வழிபட்டுவந்த தோமா கிறிஸ்தவர்களை ரோமின் பிடிக்குள் முழுதாகக் கொண்டுவருவது அவர் நோக்கம். அவருடைய பயணத்தைச் சக துறவி அந்தோனியோ தெ கூவெயா ஒரு தடித்த புத்தகமாக எழுதி, அது 1606-ல் அச்சாகியும் விட்டது. காயல் வழியே தோணியில் ஊர் ஊராகப் போகிறார்கள். போர்த்துகீசிய ஏடுகளில் இந்தத் தோணியும் 'தோனே' என்று ஏறிவிட்டது; நம் சொல் ஒன்றுக்கு இலவசக் கப்பல் பயணம். மெனேசிஸ் வருவதற்குள் உள்ளூர்த் தலைவரான அர்க்கதியாக்கோன் கீவர்கீசும் கத்தனார்கள் என்ற உள்ளூர்க் குருக்களும் கூடிப் பேசி எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. வருகிறவர் பெரிய மெத்ரான். மரியாதையாக வரவேற்போம், கையை முத்துவோம், பூசை வைக்கட்டும், பிரசங்கம் செய்யட்டும். ஆனால் பட்டம் கொடுப்பது, உறுதிபூசுதல் தருவது, பள்ளிகளை அதிகாரத்தோடு பார்வையிடுவது, இதெல்லாம் கூடாது. சுருக்கமாக, விருந்தாளியாக வந்தால் தலைவாழை இலை. வீட்டுக்காரனாக வந்தால் வாசலோடு சரி. இதைவிடத் தெளிவான அழைப்பிதழை எந்த ஊரும் அடித்ததில்லை.

மெனேசிஸ் அந்த அழைப்பிதழின் முதல் பாதியை மட்டும் படித்தார். பரவூரில் உறுதிபூசுதல் பற்றி அவர் பேச ஆரம்பித்ததும் கூட்டம் கொதித்து எழுந்தது. கூடியவர்கள் ஆயுதம் வைத்திருந்தார்கள் என்று ஐரோப்பிய ஏடு பதறுகிறது. அந்தக் காலத்துத் தோமா கிறிஸ்தவருக்கு வாளும் ஈட்டியும் கேடயமும் ஞாயிற்றுக்கிழமை உடையின் ஒரு பகுதி என்பது வந்தவருக்குத் தெரியாது. நம் ஊரில் கல்யாணத்துக்குப் போகிறவர் கையில் குடை இருப்பதைப் பார்த்து ஒருவர் பதறுவது போல. ஆனாலும் மனிதர் சளைக்கவில்லை. கடுத்துருத்தியில் புனித வாரச் சடங்குகளை இசையோடு ஆடம்பரமாக நடத்தினார். அர்க்கதியாக்கோனை நெருக்கிப் பணியவைத்தார். ஜூன் 20-ஆம் தேதி உதயம்பேரூரில் மாமன்றத்தைக் கூட்டினார். 153 குருக்கள், 660 பொதுநிலையினர், ஒரு வாரம். எண்ணூறு வயிறுகளுக்கு ஏழு நாள் அடுப்பு எரிந்தது. அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இனிமேல் குருக்களுக்குத் திருமணம் கிடையாது, ஏற்கெனவே மணந்தவர்கள் மனைவியைப் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் பலிபீடத்தை விட்டு விலக வேண்டும். கத்தனாரின் மனைவிக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு. வருகிற பெரியவர்களுக்கு இலை போடும் வீடும் அவளுடையதுதான். வந்து உட்கார்ந்து, அப்பத்தைப் பிட்டுக் கறியில் தோய்த்துச் சாப்பிட்டு, கைகழுவத் தண்ணீர் ஊற்றியவளையே 'இவள் இருக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டுப் போன விருந்தாளியை நினைத்துப் பாருங்கள். திருச்சபை வரலாற்று நூல்கள் இதை ஒழுங்குமுறைச் சீர்திருத்தம் என்று எழுதும். அடுப்படி இதை வேறு பெயரில் எழுதி வைத்திருக்கும். பிறகு அங்கமாலியில் சிரியாக் நூல்களை எரித்தார்கள்; அது விறகுக்கும் ஆகாத தீ.

ஐம்பத்துமூன்று ஆண்டுகள் போயின. 1652-ல் அகத்தல்லா என்ற கிழக்கத்திய மெத்ரான் ஒருவர் மயிலாப்பூர் வந்து சேர்ந்தார். அவரை அங்கே போர்த்துகீசியர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆனால் கேரளத்திலிருந்து அங்கே போயிருந்த இளம் ஊழியர்கள் சிலர் அவரைச் சந்தித்து, கடிதத்தோடு ஊர் திரும்பிவிட்டார்கள். நமக்காக ஒருவர் வருகிறார் என்ற செய்தி தோமா கிறிஸ்தவர்களின் ஊர்கள் முழுவதும் பரவியது. அவரை ஏற்றிவந்த கப்பல் கொச்சியைத் தொட்டபோது ஆயிரக்கணக்கில் மட்டாஞ்சேரியில் கூடினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் விருந்தாளியைக் காட்டுங்கள். கோட்டைக் கதவு திறக்கவில்லை. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. (கோவாவுக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டார் என்பதே இன்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்பது.) 1653 ஜனவரி 3. பள்ளி முன்னால் நின்ற கல் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்யக் கூட்டம் முண்டியடித்தது. எட்டாதவர்கள் சிலுவையில் கயிறுகளைக் கட்டி, நாலாபக்கமும் நீட்டி, கயிற்றைப் பிடித்தபடி சத்தியம் சொன்னார்கள். இழுத்த இழுப்பில் சிலுவை கூன் விழுந்துவிட்டது என்பது மரபு. கூனன் குரிசு சத்தியம் என்ற பெயர் அப்படி வந்தது. இலையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரின் விருந்தாளியை வழியிலேயே மறித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் வேறு நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வரலாறு படித்தவர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். ஐயா, இது சோற்றுப் பிரச்சினை இல்லை, போர்த்துகீசிய மன்னருக்குப் போப் கொடுத்திருந்த பத்ரோவாதோ உரிமை, அர்க்கதியாக்கோனின் அதிகாரத்தைப் பறித்தது, லத்தீனா சிரியாக்கா என்ற சண்டை, எல்லாவற்றுக்கும் அடியில் மிளகு என்று பட்டியல் போடுவார்கள். பட்டியல் சரி. ஆனால் இத்தனையும் 1599-லிருந்தே இருந்தன. ஐம்பத்துநாலு ஆண்டு முணுமுணுப்பாக இருந்தது ஒரே நாளில் சத்தியமாக மாறியது ஏன்? வராத ஒருவருக்காகத்தான். இன்னொரு சான்றும் உண்டு. சத்தியத்துக்குப் பிறகு ரோம் அதுவரை பொறுப்பில் இருந்த இயேசு சபையாரை விட்டுவிட்டு, செபஸ்தியானி என்ற கார்மலைட் துறவியை அனுப்பியது. அதே ரோம், அதே கோட்பாடு, அதே லத்தீன். ஆனாலும் பிரிந்து போனவர்களில் கணிசமானவர்கள் திரும்பி வந்தார்கள். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அவரை வெளியேறச் சொன்னபோது, கிளம்புவதற்கு முன்னால் அவர் செய்த வேலையைப் பாருங்கள்: பள்ளிவீட்டில் சாண்டி என்ற உள்ளூர்க் கத்தனாரையே மெத்ரானாக அபிஷேகம் செய்து, சாவியை வீட்டுக்காரன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கோட்பாடு மாறவில்லை, விருந்தாளியின் நடத்தை மாறியது. விளைவும் மாறியது.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. நான் சாட்சிக்குக் கூப்பிட்ட முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டவர்கள், சமைத்தவர்கள் எழுதவில்லை. விருந்தாளியின் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு வீட்டுக்காரன் மனசைச் சொல்வது எப்படி? நியாயமான கேள்வி. அதற்காகத்தான் பாரேம்மாக்கல் தோமா கத்தனார் இருக்கிறார். 1778-ல் அவரும் கரியாட்டில் யௌசேப்பும் தங்கள் சமூகத்தின் வழக்கை ரோமில் எடுத்துச் சொல்லக் கிளம்பினார்கள். தமிழ்க் கடற்கரையோரமாகச் சென்னைக்கு வந்து கப்பலேறி, பிரேசிலைச் சுற்றிக்கொண்டு லிஸ்பன், அங்கிருந்து ரோம். எட்டாண்டுப் பயணம். கரியாட்டில் லிஸ்பனில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஊர் திரும்பும் வழியில் 1786-ல் கோவாவில் இறந்துபோனார். தோமா கத்தனார் எழுதிய 'வர்த்தமானப்புஸ்தகம்' இந்திய மொழி ஒன்றில் எழுதப்பட்ட முதல் பயணநூல் என்று கொண்டாடப்படுகிறது. அதில் கோபத்தின் சூடு இன்றும் ஆறவில்லை. ரோமின் அலுவலகங்களில் காத்துக் கிடந்ததும், பெரியவர்கள் முகம் கொடுத்துப் பேசாததும் அவரை எந்த வாதத்தையும்விட ஆழமாகக் குத்தியிருக்கின்றன. இத்தனை தலைமுறையாக வந்தவனுக்கெல்லாம் இலை போட்ட ஊரின் பிரதிநிதி, முதன்முறையாக எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார். அங்கே விசாரணை மட்டும் நடக்கிறது, பந்தியைக் காணோம். அனிச்சப் பூ வாட மோந்து பார்க்க வேண்டும், விருந்தாளி வாட ஒரு பார்வை போதும் என்று கணக்குப் போட்ட வள்ளுவர் வாடிகன் அலுவலகத்துக்குப் போயிருந்தால் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறளோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

ஒரு ஆட்சேபத்துக்கு மட்டும் நான் தலைகுனிய வேண்டும். இந்தப் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள்? கரிமீனைப் பிடித்தவரும் நெல்லை அறுத்தவரும் மிளகைச் சுமந்தவரும் இல்லை. தோமா கிறிஸ்தவர்கள் தங்களை உயர்சாதியாக வைத்துக்கொண்டு, தீண்டாமையையும் பார்த்தவர்கள். கடல் கடந்து வந்தவனுக்குத் திறந்த கதவு, வயல் கடந்து வந்தவனுக்குத் திறக்கவில்லை. தமிழனுக்கும் இதில் ஒரு இடம் உண்டு. ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் இன்றும் துவைக்கிறவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுப் படைவீரர்களின் சீருடையை வெளுக்க அவர்களின் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தார்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. விருந்தாளியின் அங்கியில் சிந்திய குழம்புக் கறையை யாரோ ஒருவர் கல்லில் அடித்துத்தான் போக்கியிருக்க வேண்டும். ஊர் விசாரித்தது என்று நான் சொல்லும்போது, அந்த ஊரில் பாதிப் பேர் பந்தலுக்கு வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக, மிகச் சிறப்பாகத் தேறியவர். கல்கத்தாவிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன், 1806-ல் திருவிதாங்கூர், கொச்சிப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தார். மெனேசிஸின் நினைவு ஆறாத ஊர்கள் சிலவற்றில் முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அவர் கட்டளை எதுவும் கொண்டுவரவில்லை. பழைய புத்தகம் ஏதாவது இருக்கிறதா, உங்கள் மொழியில் வேதாகமம் அச்சிட்டால் ஆகுமா என்று கேட்டார், அவ்வளவுதான். முதிய மெத்ரான் மார் திவன்னாசியோஸ், ஒரு பெரிய சிரியாக் வேதாகமக் கையெழுத்துப் பிரதியை எடுத்து அவரிடம் கொடுத்தார். எங்களிடம் இருப்பதைவிட உங்களிடம் பத்திரமாக இருக்கும் என்ற அர்த்தத்தில் பேசியதாகப் புக்கானன் எழுதுகிறார். இதைப் படித்துப் பல்லைக் கடிப்பவர்கள் உண்டு: உபசரிப்பு முற்றினால் பைத்தியக்காரத்தனம், வீட்டுப் பெட்டகத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டார்களே என்று. எனக்கும் கொஞ்சம் பல் கூசுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டளையோடு வந்த மெனேசிஸுக்குப் பழைய நூல்களை ஒளித்த ஊர், கேட்டவருக்குத் தானாக எடுத்துக் கொடுத்தது. மறுமொய்யும் வந்தது. காயங்குளம் பிலிப்போஸ் ரம்பானின் மொழிபெயர்ப்பில், தமிழ் வேதாகமத்தின் துணையும் சேர்ந்து, நான்கு நற்செய்திகளும் மலையாளத்தில் 1811-ல் பம்பாயில் அச்சாயின.

அந்தச் சிரியாக் வேதாகமம் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கோட்டயத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஒரு கத்தனார் அதைப் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், பையை வெளியே வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும். அந்த அறைக்குள் ஒரு மடக்குத் தண்ணீருக்குக்கூட அனுமதி கிடையாது.